"நாங்கள்" காணாமல் போன வீடு

மூடிக் கிடந்த பிஸ்கட் தொழிற்சாலையில் கூடி வாழ்ந்த பதினோரு பேரின் வாயிலிருந்தும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை "நாங்கள்" என்ற சொல் காணாமல் போனது. கேட்பவரை வாசலிலேயே நிறுத்திவிடும் அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தால், அவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் "நாம்"தான் வந்தது. நல்ல வேலைகளை விட்டுவிட்டு, உறவுக்காரர்களின் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரே அடுப்பு, ஒரே சோப்பு, பூட்டில்லாத அலமாரி என்று வாழ வந்தவர்கள் அவர்கள். பல வருடப் பழக்கத்தில் நாக்கு திருந்திவிட்டது என்று நினைத்து யாரும் வைத்தியரிடம் போகவில்லை.

சொன்னது கேட்டவருக்கும் நடந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. "நாம இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றதும் தபால்காரர் ஏப்பம் விட்டார். "நாம குளிச்சாச்சு" என்றபோது மின்சாரம் பார்க்க வந்தவரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, துண்டு கொடுத்தார்கள். முழுகாமல் இருந்த தச்சரின் மனைவி மட்டும் அந்த நல்ல சேதியை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு.

அப்படியிருக்கையில் ஒரு நாள் தொழிற்சாலையின் சொந்தக்காரர் இடத்தை விற்கப் பேசிவிட்டு, கையில் பூட்டோடு வந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் மூட்டையக் கட்டுங்க."

சமையலக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "திடீர்னு சொன்னா எப்படி சார்? நமக்குப் போறதுக்கு வேற வீடு ஏது?"

விறுவிறுவென்று தெருவில் இறங்கிய சொந்தக்காரர் அப்படியே நின்றார். தன் வீடு எந்தப் பக்கம், கதவு என்ன நிறம், ஒன்றுமே நினைவில்லை. இந்தப் பக்கம் நடந்தார், திரும்பி வந்தார், அந்தப் பக்கம் நடந்தார்.

"நல்லா வேணும்," என்றார் தையல்காரர். "தன் வீடே தெரியாதவர் நம்ம வீட்டை எங்க விக்கப் போறாரு? நிக்கட்டும் விடுங்க."

"அட போய்யா. மனுஷன் முகம் எப்படிச் சுண்டிப் போச்சு பாரு. வீட்டுல தேட மாட்டாங்களா?"

வீடு சேர்ந்தால் அவருக்குப் பூட்டும் நினைவுக்கு வரும் என்பது சமையலக்காவுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு அவரருகே போனார். "கவலைப்படாதீங்க சார். நாம வீடு வந்து சேர்ந்தாச்சு."

இப்படிப்பட்ட சில்லறை இரக்கங்களைக் கடவுள் கவனிக்காமல் விடுவதில்லை. பன்னிரண்டு பேரும் சொந்தக்காரரின் கூடத்தில், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே நின்றார்கள். தச்சர் கையில் பாதி அறுத்த பலகை இருந்தது.

"ஏங்க, யாருங்க இவங்கெல்லாம்?" என்றாள் சொந்தக்காரரின் மனைவி.

அவர் பூட்டைப் பார்த்தார். தன்னைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நாமதான்" என்று வந்தது.

அந்தக் கணமே தொழிற்சாலைச் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவர் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "அதுக்கு ஒரு மூடி போட்டு வைக்கக் கூடாதா?" என்று சமையலக்காவைக் கடிந்துகொண்டே நாற்காலிகளை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் இடத்தை வாங்க வந்தவரிடமும் அவள்தான் பேசினாள்.

"நாம விக்கிறதா இல்லைங்க."

"ஆமாமா, விக்கிறதா இல்லை" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவைத்து உள்ளே வந்தார்.