கேள்வி நேரம் கடைசியில்

வட்டாரத்தின் அடுத்த இருபது ஆண்டுப் பொருளாதாரத் திட்டத்துக்காக நகர மன்றக் கூடத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில், கேள்வி கேட்கக் கை தூக்கியவர்களுக்கு அந்தக் கை பிறகு இறங்கவே இல்லை. அவர்கள் எல்லோரும் மூடிப்போன நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. மேஸ்திரியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். அவர் பார்த்துத் தலையசைக்கும் வரை இறக்கக் கூடாது. இறக்கினால் முறை போய்விடும். ஆலை மூடிய பிறகும் பழக்கம் போகவில்லை. திட்ட அதிகாரி கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் திரையில் படங்களை ஓட்டினார். கடைசி வந்தபோது அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கூடத்தை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கை தூக்கியவர்களில் லேத்காரரும் ஒருவர். ஆலை கொடுத்த கடைசிப் பணத்தில் பட்டறைத் தெருவில் இரும்பு கடையும் ஒரு பழைய லேத் இயந்திரம் வாங்கிப் போட்டவர். திரையில் வந்த வரைபடத்தில் பட்டறைத் தெரு இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பச்சையாக இருந்தது. எங்கள் தெரு எங்கே என்று கேட்பதற்குத்தான் அவர் வலது கையைத் தூக்கினார்.

"வீட்டுக்கு வந்தும் எதுக்குங்க தூக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"இன்னும் கூப்பிடலயே" என்றார் அவர்.

மச்சினன் வந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அவன் கால்கள்தான் தரையை விட்டு எழும்பின. "மாமா, துணி காயப்போட அக்காவுக்கு இனிமே கவலையில்ல" என்று இறங்கிக்கொண்டான். மனைவி சட்டைகளின் வலது பக்கத்தைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்தாள். வாசல் நிலையின் மேல்கட்டையை அறுத்து, அதற்கு மேலே சுவரிலும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடித்துவிட்டார்கள். சில மாதங்களில் தெருவில் பாதி வீடுகளுக்கு அப்படி ஒரு சந்து வந்துவிட்டது. கொத்தனார் அதற்கென்று தனிக் கூலி வைத்துக்கொண்டார்.

லேத்துக்கு இரண்டு கை வேண்டும். வலது கையின் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். அவர் இடது கையால் வெட்டுளியை நகர்த்த, அவள் அவருக்கு ஒட்டி நின்று சக்கரத்தைச் சுற்றினாள். இருவரும் சண்டை போட்ட அன்று கடைந்த திருகாணியின் மரையில் லேசான அலை இருக்கும். வாடிக்கைக்காரர்கள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வாங்கிப் போனார்கள். அவர்கள் வாழ்ந்ததில் அதுதான் நல்ல காலம் என்று பின்னாளில் அவள் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது கூட்டம் மூன்று வருடம் கழித்து நடந்தது. அதே கூடம், அதே அதிகாரி. தலை மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது. கை தூக்கியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைத் தெருவை எடுத்துவிட்டுச் சரக்குக் கிடங்குகள் கட்டும் திட்டத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது.

லேத்காரரின் மனைவி எழுந்துவிட்டாள். "சார், அது சம்மதம் சொன்ன கை இல்ல. போன தடவ கேள்வி கேக்கத் தூக்கின கை."

"கேள்வி நேரம் கடைசியிலம்மா. உக்காருங்க."

"அதத்தான் போன தடவையும் சொன்னீங்க."

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். இத்தனை ஈடுபாடு காட்டும் மக்களை வேறெந்த வட்டாரத்திலும் பார்த்ததில்லை என்று ஒலிபெருக்கியில் மனதாரச் சொன்னார். மறுபடியும் புகைப்படம் எடுத்தார்கள். இந்த முறை லேத்காரரை நடுவில் நிற்க வைத்தார்கள்.

அடுத்த கோடையில் தெரு போய்விட்டது. லேத் பழைய இரும்பு விலைக்குப் போனது. இடிக்கும்போது வாசல் நிலைக்கு மேலே இருந்த சந்துகளில்தான் சுவர் முதலில் பிளந்தது; வேலை சுலபமாக இருந்ததாக ஒப்பந்தக்காரர் சொன்னார். கிடங்கு நிர்வாகம் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்று வாக்குக் கொடுத்திருந்தது. அதைக் காப்பாற்றவும் செய்தது. லேத்காரருக்கு நுழைவாயிலில் வேலை கிடைத்தது. உள்ளே வரும் லாரிகளை நிறுத்த வேண்டும். அதற்கு அவர் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றால் போதும்.

புதிதாக வரும் ஓட்டுநர்கள் சிலர் சொல்வதுண்டு. "நான்தான் நின்னுட்டேனே பெரியவரே, கைய இறக்குங்க."

"ஒரு கேள்வி இருக்குப்பா."

"கேளுங்க."

"உன்கிட்ட இல்ல" என்பார் அவர்.

அவர் நிற்கும் இடத்தில்தான் முன்பு லேத் இருந்தது. மழைக்காலத்தில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி, குடையை விரித்து அந்தக் கையில் மாட்டிவிட்டு, அதற்கடியில் அவருக்கு ஒட்டி நின்றுகொள்வாள். லாரிகள் அப்போதும் நிற்கும்.