பிக்கப்பில் ஒரு படுக்கை

குருமூர்த்தி போட்ட பேனலில் நட்டு லூஸ் என்று இதுவரை எந்த மகராசனும் சொன்னதில்லை. ஓசூர் சிப்காட்டில் இருபத்தாறு வருஷமாகக் கன்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் போடுகிறவர். இதை ஊர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. பாகலூர் டீக்கடையில் டீ ஆறுவதற்குள் இரண்டு தடவையாவது அவர் வாயாலேயே வந்துவிடும். அப்பேர்ப்பட்டவரின் மானத்தை, அவர் சொந்த வண்டிக்கு அவரே போட்ட வயரிங் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வாங்கியது.

வண்டி ஒரு பழைய பிக்கப். குடைமிளகாயும் ரோஜாவும் ஏற்றிக்கொண்டு பதினோரு வருஷம் ஓசூர் மார்க்கெட்டுக்கு ஓடியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு வேலையில்லாமல் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் பின்பாடியில் தகரமும் பிளைவுட்டும் கொண்டு ஒரு கூண்டு கட்டி, உள்ளே ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி கட்டில் போட்டு, ஜன்னல் வைத்து, திரைகூடத் தொங்கவிட்டார் குருமூர்த்தி. பார்த்தவர்கள் எல்லாம் டூர் போகிறீர்களா என்று கேட்டார்கள். அவரும் ஆமாம் என்று சொல்லி வைத்தார்.

டூர் இல்லை. மகள் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குப் போன வருஷம் சக்லேஷ்பூர் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. மகள் ஸ்வாதி, கைக்குழந்தை, மாப்பிள்ளையின் அம்மா கெம்பம்மா எல்லோரும் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். குழந்தை குப்புற விழுந்து, நீந்தி, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். மகள் குடித்தனம் பண்ணும் வீட்டை மட்டும் குருமூர்த்தியின் மனைவி மணிமேகலை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

காரணம் அவள் மூச்சு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் கண்டுபிடித்து ஒரு மெஷினைக் கொடுத்தார். மூக்கை மூடும் மாஸ்க், அதிலிருந்து நாலு முழக் குழாய், குழாயின் முனையில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு மெஷின். படுத்தால் அது ஓடியாக வேண்டும். ஓடினால் அவள் ராணி மாதிரி தூங்குவாள். தோட்டத்திலோ மழை தூறினாலே கரண்ட் போய்விடும், வருவதற்குச் சில நாள் விடிந்துவிடும் என்று ஸ்வாதியே சொன்னாள்.

கரண்ட் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை மணிமேகலை புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"சம்பந்தியம்மா முன்னால நான் தும்பிக்கைய மாட்டிக்கினு படுக்கணுமா? எட்டி எட்டிப் பாப்பாங்க. எனக்கு வேணாங்க."

அதற்காகத்தான் வண்டி. மகள் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொண்டு, பகலெல்லாம் பேத்தியோடு இருந்துவிட்டு, படுக்கும்போது தன் கூண்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். யோசனை குருமூர்த்தியுடையது.  அதைக் கேட்ட அன்றைக்கு மணிமேகலை ஊற்றிய குழம்பில் முருங்கைக்காய் அவர் பக்கமே அதிகம் வந்து விழுந்தது.

வயரிங்கை அவர் பேனல் மாதிரியே போட்டார். கட்டிலுக்கு அடியில் தனி பாட்டரி. வண்டி ஓட ஓட அது சார்ஜ் ஏறிக்கொள்ளும். தலைமாட்டில் மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி பட்டை, கால்மாட்டில் சின்ன ஃபேன், மெஷினுக்குத் தனி சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ். எல்லா வயருக்கும் இரண்டு முனையிலும் நம்பர் போட்ட வளையம் மாட்டினார். மொத்தமே பதினாலு வயர். அதற்கு ஒரு வரைபடம் வேறு வரைந்து கதவுக்கு உள்பக்கம் ஒட்டினார். இந்தக் கூத்தைப் பார்த்து மணிமேகலை, "யார் வந்து ஆடிட் பண்ணப் போறாங்க?" என்று கேட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவளை வண்டியிலேயே படுக்கச் சொன்னார். வீட்டு வாசலில் ஒத்திகை. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, மெஷினும் ஓடியது. இருபது நிமிஷத்தில் மெஷின் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுபோனது. மணிமேகலை மாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"மூச்ச யாரோ புடிச்சு இழுத்துக்கினு போன மாரி இருந்துச்சுங்க."

குருமூர்த்தி மீட்டரை வைத்துப் பார்த்தார். பாட்டரியில் பதின்மூன்று வோல்ட். சாக்கெட்டிலும் பதின்மூன்று. மெஷினில்தான் கோளாறு என்று தீர்ப்பு சொன்னார். அதே மெஷின் அன்றைக்கு வீட்டு பிளக்கில் விடியவிடிய ஓடியது. சரி, வயர் சன்னம் என்று முடிவு கட்டி, அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துத் தடி வயராக மாற்றினார். அடுத்த ஞாயிறு பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மீட்டர் அப்போதும் பதின்மூன்றுதான் காட்டியது.

இந்த முறை மணிமேகலை மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் போய்ப் பார்த்தபோது, பயணத்துக்கு எடுத்து வைத்த பையிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. கொழந்தைக்கு வாங்கின கொலுச எடுத்துக்கினு போங்க. நான் வரல. இன்னொரு வாட்டி அதுல படுன்னு சொல்லாதீங்க, எனக்கு பயமா இருக்குது."

வியாழக்கிழமையிலிருந்து நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். இதை விட்டால் ஆர்டர் நெருக்கடியில் தீபாவளி வரைக்கும் லீவு கிடைக்காது. அதைவிட அவரை அரித்தது அவள் பீரோவை மூடிய விதம். கோபமாகச் சாத்தியிருந்தால் தேவலை. மெதுவாக மூடினாள். 

புதன்கிழமை முதல் ஷிப்ட். தன் பேனலை முடித்து டெஸ்டிங் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கம்பெனியில் அவர் வேலை, வயர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதோடு சரி. அதில் முழு கரண்டையும் ஓட்டிப் பார்ப்பது டெஸ்டிங்காரர்கள் பாடு. அவர்களை ஒரு நாளும் அவர் மதித்தது கிடையாது. நாம் போட்டதில் இவர்கள் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்கிற நினைப்பு. அன்றைக்கு அங்கே பாலாஜி என்கிற பையன் பேனலில் லோடு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கனெக்ஷனாகச் சூடு பார்த்துக்கொண்டு போவதை நின்று கவனித்தார். வண்டியில் மீட்டர் வைத்த இரண்டு தடவையும் மெஷின் நின்றுபோயிருந்தது. கரண்டே ஓடாத வயரில் பதின்மூன்று காட்டாமல் என்ன காட்டும்? இருபத்தாறு வருஷம் என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தேடி எடுத்து, மெஷினுக்குப் பதிலாக சாக்கெட்டில் மாட்டினார். அதுவும் ஏறக்குறைய அதே கரண்டைத்தான் இழுக்கும். பல்பு மஞ்சளாக அழுது வடிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, சாக்கெட்டிலிருந்து ஆரம்பித்து வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். வயர் சில்லென்று இருந்தது. ஃப்யூஸ் சில்லென்று இருந்தது. பாட்டரியின் பாசிட்டிவ் போல்ட்டில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். பித்தளைக்கும் வயர் முனைக்கும் நடுவில், காய்ந்து கருகிய மஞ்சள் பொருக்கு. அதன் நடுவில் சிவப்பு.

சந்தனம். குங்குமம்.

பாட்டரியை மாட்டிய வெள்ளிக்கிழமை அவருக்கு ஞாபகம் வந்தது. கனெக்ஷன் கொடுப்பதற்கு முன்னால் பூஜை போட வேண்டும் என்று மணிமேகலைதான் சொன்னாள். கம்பெனியில் புது மெஷின் வந்தாலும் அதுதான் வழக்கம், அவரும் தலையாட்டினார். ஸ்டியரிங், கதவு, சக்கரம் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், கட்டிலுக்கு அடியில் குனிந்து, "ரெண்டு கண்ணு மாரி இருக்குது பாருங்க" என்று பாட்டரியின் இரண்டு முனையிலும் நிறையச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேண்டிக்கொண்டது என்ன என்று அவருக்குத் தெரியும். ஸ்பேனரும் கையுமாக அவர் பக்கத்தில்தான் நின்றார். துடைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் வைத்த பொட்டை, வைத்தவள் முன்னாலேயே துடைப்பதா? அதுவும் இந்தப் பயணத்துக்கு? பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அப்படியே வைத்து முடுக்கிவிட்டார். நாலைந்து ஆம்பியருக்கு அந்தப் பொருக்குதான் வழிமறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. லைட்டும் ஃபேனும் சொற்பக் கரண்டு இழுப்பவை, அவற்றுக்குத் தடை தெரியவில்லை. வயரை மாற்றும்போதுகூட பாட்டரி முனையை மட்டும் அவர் பிரிக்கவில்லை, தான் முடுக்கியதாயிற்றே என்று.

உப்புத்தாள் போட்டு இரண்டு முனைகளையும் பளபளவென்று தேய்த்தார். திரும்ப முடுக்கினார். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. குருமூர்த்திக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்குள் யாரும் பார்க்கவில்லை என்பதால் அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

சமையலறையில் மணிமேகலை காப்பி கலந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"கண்டுபுடிச்சிட்டன் மணி."

"என்னா?"

சந்தனம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிடலாம், தன் பெயரும் காப்பாற்றப்படும். ஆனால் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு அவள் நின்ற நிலை அவர் கண்முன்னால் வந்தது. தான் வேண்டிக்கொண்டு வைத்ததே தன் மூச்சைப் பிடித்தது என்று தெரிந்தால் இவள் இனி எங்கேயும் கிளம்பமாட்டாள்.

"நட்டு ஒண்ணு லூஸு. பாட்டரியில. நாந்தான் சரியா முடுக்கல."

மணிமேகலை ஆற்றிக்கொண்டிருந்த டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"யாரு, நீங்களா?"

"ஆமா."

"நட்டு லூஸா?"

"ஆமாங்கறன் இல்ல."

அவள் டம்ளரை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. "எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கறன் இந்தப் பேனல் பாட்ட! ஐயோ, டீக்கடையில சொல்லட்டுமா? கம்பெனிக்கு போன் போடட்டுமா?" குருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காது மடல் சூடாகியிருந்தது. பொய்யும் முழுப் பொய் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை எடுத்தாள்.

"கடைசி வாட்டி. இதுவும் நின்னுச்சுன்னா அவ்ளோதான்."

நாலரை மணிக்குப் படுத்தாள். அவர் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷம் போனது. இருபது போனது. பக்கத்துப் பாலித்தீன் செட்டில் யாரோ ரோஜாவுக்கு மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டது, அந்தச் சனியனை நிறுத்தித் தொலைக்கமாட்டானா, பீப் சத்தம் காதில் விழாமல் போய்விடுமே என்று எரிச்சல் வந்தது. ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே மெஷின் சீராக மூச்சு விட்டது, அதோடு அவளும் மூச்சு விட்டாள்.

ஆறு மணிக்கு உள்ளேயிருந்து பேச்சுக்குரல் வந்தது. பதறிக்கொண்டு கதவைத் திறந்தார். மணிமேகலை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷினை நிறுத்திவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஸ்வாதி, நாளைக்கு வரோம்டி! காலையில கெளம்பறோம். ஒண்ணர மணி நேரம் தூங்கினன், ஒண்ணியும் நிக்கல!"

மாஸ்க் முகத்திலேயே இருந்தது. சந்தோஷத்தில் கழற்ற மறந்துவிட்டாள். போனில் ஸ்வாதிக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெம்பம்மா எட்டிப் பார்த்தாள்.

குருமூர்த்தி தன் மூக்கைத் தொட்டுத் தொட்டு ஜாடை காட்டினார். அவளுக்குப் புரிவதற்குள் கெம்பம்மா பதறிப்போய்க் கன்னடமும் தமிழுமாகக் கேட்டுவிட்டாள்.

"ஐயோ, ஏனாயித்து சம்பந்தி? ஆஸ்பத்திரியிலயா இருக்கறீங்க?"

மணிமேகலையின் கை மாஸ்க்குக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி இல்ல சம்பந்தி. நம்ம வண்டியிலதான் இருக்கறன். இது போட்டுக்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். மூணு வருசமா இப்பிடித்தான்."

"இதுக்காகவா இத்தன நாளு வராம இருந்தீங்க?" என்றாள் கெம்பம்மா.

 குழந்தை போனைப் பிடிக்கக் கையை நீட்டியது. மணிமேகலை மாஸ்க்கோடேயே முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.