சம்பந்தி வீட்டு வெளுப்பு

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கத்து மாமியார் வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்பிய சுரேஷ்குமாரைப் பார்த்ததும் அமிர்தத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. மகன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை தென்னூர்த் தெரு முழுக்கக் கண்ணைக் கூச வைத்தது. எதிர்வீட்டு நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றால் பாருங்களேன்.

"அத்தை துவைச்சதும்மா. என்னா கை அவங்களுக்கு!"

இருபத்தெட்டு வருஷம் இவன் துணியைத் துவைத்த கைக்கு ஒருநாளும் இந்தப் பாராட்டு வந்ததில்லை. சம்பந்தி ராசாத்தி ஏதோ ரகசிய சோப்பு வைத்திருக்கிறாள். அது என்னவென்று தெரியாமல் அமிர்தத்துக்கு மோர்சாதம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாளே பெருமாளைச் சேவிக்கும் சாக்கில் பஸ் ஏறினாள். ராசாத்தி காபி போட உள்ளே போன நேரம் பார்த்து, துவைக்கிற கல்லின் மேலிருந்த சோப்புத் துண்டு அமிர்தத்தின் கைப்பைக்குள் குடியேறியது.

"சோப்பக் காணோமே, பெருச்சாளி தூக்கிட்டுப் போயிருச்சோ?" என்று ராசாத்தி தேட, "இருக்கும் சம்பந்தி, நல்ல கொழுத்த பெருச்சாளியா இருக்கும்" என்று அமிர்தமும் கூடவே குனிந்து தேடினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனின் அதே வெள்ளைச் சட்டையைப் போர்வெல் தண்ணீரில் முக்கினாள். மலைக்கோட்டையே மூழ்கும் அளவுக்கு நுரை வரப்போகிறது என்று தேய்த்தாள். ஒரு கொசு குளிக்கக்கூட நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது.

காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கும் மருமகள் ரஞ்சனி எட்டிப் பார்த்தாள்.

"நாமளும் இதே சோப்புதானே வாங்குறோம் அத்தை? சோப்பு மேல தப்பில்ல, தண்ணிதான் உப்பு. சோப்புக்கு ஒரு தலை, ஒரு வால். வால் எண்ணெய் அழுக்கக் கவ்விக்கும், தலை தண்ணியப் புடிச்சுக்கும். எல்லாமாச் சேந்து அழுக்கச் சுத்தி வளைச்சு உருட்டிக்கிட்டு வெளிய வந்துரும். நம்ம போர்வெல் தண்ணியில கால்சியம் ஜாஸ்தி. அழுக்குக்கிட்ட போறதுக்கு முன்னாடியே அது சோப்பப் புடிச்சு வெச்சுக்குது. அதான் இப்படித் திரிஞ்சு, துணியில ஒட்டி மங்கலாக்குது. அம்மா வீட்ல காவேரித் தண்ணி, அந்தத் தொல்லை கம்மி."

"போற எடத்துக்குப் போகவிடாம வழியிலயே ஒருத்தி மடக்கிப் போட்டுக்குறா, அதானே? புரியுதும்மா, நல்லாவே புரியுது."

ரஞ்சனி சிரித்துக்கொண்டே நழுவிவிட்டாள்.

அடுத்த நாள் அமிர்தம் இரண்டு கேனோடு ஸ்ரீரங்கத்தில் நின்றாள். "காவேரித் தண்ணியில சாம்பார் வெச்சா தனி ருசிங்க" என்று ராசாத்தியிடமே கேட்டு நிரப்பிக்கொண்டாள். பஸ்ஸில் கேனுக்கும் டிக்கெட் போட்டார்கள். போகட்டும். அந்தத் தண்ணீரில் சோப்பு பொங்கிய பொங்கலில் அடுத்த தெருவரை நுரை! காய்ந்த சட்டையைப் பார்த்துச் சூரியனே மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது.

மாலையில் அதை மாட்டிக்கொண்டு சுரேஷ்குமார் கண்ணாடி முன் பூரித்து நின்றான். அமிர்தம் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பாத்தியாம்மா, ஒரு தடவ அத்தை கை பட்டாப் போதும். அப்புறம் யாரு துவைச்சாலும் வெளுப்பு போகவே மாட்டேங்குது!"

"கழட்டுடா அதை" என்றாள் அமிர்தம்.

கழற்றிய சட்டையை நேரே கொண்டுபோய்ப் போர்வெல் பக்கெட்டில் முக்கினாள்.