மனை மண்

மண்ணைக் கல்லாக அழுத்தும் பிரஸ்ஸின் நீண்ட இரும்புக் கைப்பிடியில் இரண்டு ஆட்கள் தொங்கி அழுத்தினார்கள். மூடியைத் தள்ளியதும் ஒரு கல் மேலே எழும்பி வந்தது. சுடாத கல், ஈரம் மின்னியது. ஒருவன் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துத் தூக்கிப்போய் வைக்கோல் பரப்பிய வரிசையில் வைத்தான். நான்கு நாளில் எழுநூறு கற்கள் சேர்ந்திருந்தன.

வேனில் அழைத்து வந்த இரண்டு குடும்பங்களை வேம்புலி அந்த வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாரையாவது திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்து மனை காட்டுவதுதான் இரண்டு வருடமாக அவன் பிழைப்பு. அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

"இத்த சூளையில வெச்சி சுடறதில்ல சார். வெறகு செலவில்ல, பொகை இல்ல. உங்க மனை மண்ணு, அத்தோட கொஞ்சம் சிமிட்டி, அவ்ளோதான். கத்திரி வெயில்லகூட உள்ள அனல் இறங்காது."

எல்லாம் இன்ஜினீயர் கோவிந்தராஜ் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். சொல்லச் சொல்ல வேம்புலிக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. திருவேற்காட்டுக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே போட்டிருந்த அந்த லேஅவுட்டில் முதல் வீடு இதுதான். கட்டுகிறவர் அப்துல் கையூம், பூந்தமல்லியில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி ஜுலைகாவுக்கு மூச்சு இழுப்பு. பதினாறு வருடமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தவர்கள். மனை பார்க்க வந்த அன்று, "நெசமாவே வெக்கை இருக்காதா தம்பி?" என்று அந்த அம்மாள் வேம்புலியிடம் இரண்டு தடவை கேட்டாள்.

பள்ளத்தின் ஓரத்தில் அங்கம்மா மண் சலித்துக்கொண்டிருந்தாள். செங்குன்றம் பக்கத்துச் சூளையில் ஆறு வருடம் கல் அறுத்தவள். கோவிந்தராஜ் கூப்பிட்டதும் இந்த வேலைக்கு வந்திருந்தாள். வந்த முதல் நாளே வேம்புலியிடம், "அண்ணாத்தே, எங்க காலனி இங்க எங்கியோதான் இருந்துச்சி. ரெட்டப் பனமரம் நின்னுக்கினு இருக்குமே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"பனமரம் எல்லா எடத்துலயும்தான் நின்னுச்சி. இப்ப அல்லாம் ரோடு" என்று சொல்லிவிட்டு அவன் மொபெட்டைக் கிளப்பிவிட்டான்.

சல்லடைச் சத்தம் நின்றது. பிரஸ்ஸில் இருந்தவன், "மண்ணு எங்கமே?" என்று குரல் கொடுத்தான். வேம்புலி திரும்பிப் பார்த்தான்.

அங்கம்மா எதையோ முந்தானையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி அளவுள்ள செப்புத் தாயத்து. பச்சை பூத்திருந்தது. அதன் ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலில் அவள் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"என் புள்ள கடிச்சது" என்றாள்.

"இன்னாமே சொல்ற?" என்றான் வேம்புலி.

"தர்காவுல மந்திரிச்சிக் கட்டினது. பல்லு மொளைக்கச்சொல்லோ இத்த கடிச்சிக்கினே கெடக்கும். வயித்தால போயி ஒரே நாள்ல செத்துப்பூட்ச்சி. இடுப்புல இதோடதான் பொதைச்சோம். அந்தப் பனைக்குக் கீழ." அவள் குரல் ஏறவில்லை. "அடுத்த வாரமே சூளைக்குப் பூட்டோம்."

அவள் சல்லடைக்குள் கைவிட்டுத் துழாவினாள். விரல் நீளத்தில் இரண்டு, அதைவிடச் சின்னதாக ஒன்று எடுத்து மடியில் வைத்தாள். வெளிறிப்போய், எடையே இல்லாமல் இருந்தன.

பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோவிந்தராஜ் வேலியோரம் போனார். நான்கு நாளாகச் சலித்துக் கழித்த கல்லும் வேரும் அங்கே குவிந்து கிடந்தன. செருப்புக் காலால் குவியலைக் கிளறினார். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார்.

"கோழி எலும்புன்னு நெனச்சேன் சார்" என்றான் பள்ளம் வெட்டுகிறவன்.

அங்கம்மா அந்தக் குவியலிலும் பொறுக்கினாள். கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"சார், மீதி எங்க?"

கோவிந்தராஜ் நிமிர்ந்தார். அவர் கண் வைக்கோல் வரிசையின் பக்கம் போனது. அங்கம்மாவும் அங்கே பார்த்தாள். வேம்புலி கடைசியாகப் பார்த்தான். காலையிலிருந்து அந்தக் கற்களைத் தட்டித் தட்டிக் காட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்களில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.

மத்தியானம் வேம்புலி பூந்தமல்லி ஆபீசுக்குப் போனான். லேஅவுட் போட்ட திருவேங்கடம் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெக்கார்டுல தரிசுன்னு கீது. சுடுகாடுன்னு ஒரு எழுத்து இல்ல" என்றார்.

"அங்க இருவத்தி மூணு ஊடு இருந்துச்சாம் சார். ரோட்ட அகலம் பண்ணச்சொல்லோ காலி பண்ணிட்டாங்களாம்."

"ஊடே இல்லாதவனுக்கு சுடுகாடு எதுக்குடா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"புல்டோசர்காரன் சொன்னான்." திருவேங்கடம் துண்டை நாற்காலி முதுகில் போட்டார். "நீ ரெண்டு வருசமா அங்கதான் நின்னுக்கினு கீற. யாரையாவது கேட்டியா?"

வேம்புலி படி இறங்கி மொபெட்டை எடுத்தான்.

மறுநாள் கையூமின் கடைக்குப் போனான். சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த கையூம் முழுவதையும் கேட்டார். கை மட்டும் கொஞ்ச நேரம் பழக்கத்தில் ஓடி, பிறகு நின்றது.

"அடக்கம் பண்ண எடமா?"

"எனக்குத் தெரியாது பாய். சத்தியமா தெரியாது."

"உன்ன கேக்கலப்பா." அவர் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அதை ஓரமாக வைத்தார். "யாரு புள்ளையா இருந்தா இன்னா, அது மேல படுத்து எப்படித் தூங்கறது? ஜுலைகாகிட்ட நான் இன்னா சொல்லுவேன்?"

பத்திரம் முடிந்த மனையைத் திருப்பி எடுப்பதில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஜுலைகா ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயே இருந்தாள். கோவிந்தராஜ் பிரஸ்ஸை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அங்கம்மா பழைய காலனிக்காரர்கள் மூன்று பேரைத் தேடிப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அது சுடுகாடு என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எலும்புகளை மேஜைமேல் வைக்கப் போனபோது, முதலில் அதை எடுத்துக்கொண்டு வெளியே போ என்றார்கள்.

இரண்டு ஞாயிறு வேம்புலி மனை காட்டப் போகவில்லை. மூன்றாவது வாரம் வீட்டில் அரிசி தீர்ந்தது. அந்த ஞாயிறு திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நின்று ஒரு குடும்பத்தை வேனில் ஏற்றினான்.

லேஅவுட்டின் வாசலில் புதிதாகச் சுவர் எழும்பியிருந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு. கையூமுக்காக அறுத்த கற்கள்தான். வீணாக வேண்டாம் என்று திருவேங்கடம் எடுத்துக் கட்டச் சொல்லியிருந்தார். கல் பார்வையாகத் தெரியட்டும் என்று பூசாமலே விட்டிருந்தார்கள்.

வேன் நின்றது. வந்தவர்கள் இறங்கினார்கள். வேம்புலி இறங்கவில்லை. சுவரோரமாக அங்கம்மா வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கல்லின் மேலும் உள்ளங்கையைப் பதித்து, கொஞ்சம் நின்று, அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள். வரிசை முடிந்ததும் குனிந்து கீழ் வரிசையைத் தொடங்கினாள்.

வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கொண்டு வந்தான். "இந்தாமே, செவுத்த தொடாத. இப்பதான் கட்டிக்கீது, கல்லு பேர்ந்துக்கும்."

அங்கம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கையைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை விலக்கினாள். அப்படியே, தொடாமல், அடுத்த கல்லுக்குப் போனாள்.