ஆக்சிஜன் ஓடும்போது மெழுகுவர்த்தி கூடாது

வெத்துரியா அத்தை காலையிலிருந்து ஈஸ்டர் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தை, அதைக் கீழ வை. ஆக்சிஜன் ஓடுது. தீப்பொறி பட்டா மொத்தக் குடும்பமும் போய்ச் சேர்ந்துடுவோம்."

"அதுக்காக என் தம்பி வெளிச்சமில்லாம போகணுமா? இருட்டுல வழி தெரியாம அலையட்டும்ங்கிறியா?"

"அவர் எங்கயும் போகல!"

எங்கள் பிரஷோவ் பக்கத்தில், உயிர் பிரியும்போது கையில் மெழுகுவர்த்தி எரிய வேண்டும். அது இல்லாமல் போனவரைப் பற்றித் தெருவே வருஷக்கணக்கில் பேசும். பேசிக்கொள்ளட்டும். புற்றுநோய் அப்பாவின் நுரையீரலைத் தின்றுவிட்டது, ஆஸ்பத்திரியிலும் கைவிரித்துவிட்டார்கள். கட்டிலருகே இரைந்துகொண்டிருந்த அந்த ஆக்சிஜன் மெஷின் நின்றால் அப்பா அந்த நிமிஷமே போய்விடுவார் என்று நினைத்தேன். அதன் பக்கத்திலேயே காவல் இருந்தேன்.

மதியம் ஒதிலியா சிஸ்டர் வந்தாள். தீராத நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே வரும் ஹாஸ்பிஸ் நர்ஸ். முதல் நாள் அவளை, "கொல்லத்தானே வந்திருக்க?" என்று கேட்டவள் நான். அவள் அப்பாவின் நாக்குக்கு அடியில் மார்ஃபின் என்ற வலி மருந்தைச் சொட்டாக விட்டாள். இழுத்துக்கொண்டிருந்த அப்பாவின் மூச்சு மெல்லத் தணிந்தது.

"மூச்சை லேசாக்குறது இந்த மருந்துதான்" என்றாள். "மெஷினால இனி அவருக்குப் பெரிசா ஒண்ணும் ஆகப் போறதில்ல. அவருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

அத்தையும் நானும் கேட்டிருக்கவில்லை. சண்டை போடவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். "அந்தச் சனியனை நிறுத்துங்க. காதே போச்சு. வெத்துரியா, உன் வத்தியை ஏத்து."

"நான் நிறுத்த மாட்டேன்" என்றேன். "சிஸ்டர் நிறுத்தட்டும். இல்ல, அத்தை நிறுத்தட்டும்."

"நீதான் நிறுத்தணும், ஸ்மரந்தா."

"ஏம்பா என்னை இப்படிப் படுத்துறீங்க?"

"வேற யாரு நிறுத்தினாலும், எங்கப்பாவைக் கொன்னுட்டாங்கன்னு ஆயுசு பூரா அவங்களோட மல்லுக்கட்டுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுவிட்சை அணைத்தேன். வீடே திடீரென்று அமைதியானது. அப்பாவின் நெஞ்சையே பார்த்தேன். ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது.

சிஸ்டர் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, ஜன்னல்களை விரியத் திறந்தாள். கொஞ்ச நேரம் எங்களைக் காக்க வைத்துவிட்டு, "இப்ப ஏத்தலாம்" என்றாள்.

அப்பாவின் விரல்களில் பிடிக்கத் தெம்பில்லை. என் கையால் அவர் கையைப் பொத்திப் பிடித்தேன். மெழுகு உருகி என் விரலில் வழிந்தது.

"சுடுதாடி?" என்றார்.

"சுடுதுப்பா. ரொம்பச் சுடுது" என்று வாய்விட்டு அழுதேன். அவர் போகும்வரை கையை எடுக்கவில்லை.