சாலம்மாள் வீட்டு வரப்பு

2005 மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மரக்காணத்தில் சாலம்மாளின் வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஓர் உப்பு வரப்பு எழும்பியது. அன்று உப்பு மூட்டை விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

காரணம் அவள் மகன் கௌதமன். வயது முப்பத்தொன்று, கோட்டக்குப்பத்தில் வாடகை வீடு. ஊர் எதைக் கைவிடுகிறதோ அதை மறுவருடம் தொடங்குவது அவன் வழக்கம். எல்லோரும் செல்போன் வாங்கிய பிறகு எஸ்.டி.டி. பூத் வைத்தான்; அதில் அம்மாவின் தோடு போனது. எல்லோரும் சிடிக்கு மாறிய பிறகு வீடியோ கேசட் கடை போட்டான். அதில் அவள் மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம் போனது. சோம்பேறி என்று அவனைச் சொல்லிவிட முடியாது. நஷ்டப்படுவதற்கு அவனளவு உழைத்தவர் இந்தக் கடற்கரையில் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுப் பட்டாவைக் கேட்டு வந்திருந்தான்.

"ஆறே மாசம்மா. அடகு வச்சிட்டு மீட்டுத் தந்துர்றேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், சூப்பரா போவும்."

சாலம்மாள் இருபத்தாறு வருடமாக உப்பளத்தில் வேலை செய்பவள். பாத்தியில் போதுமான தண்ணீர் ஏறியதும், மடையில் களிமண்ணை வைத்துக் குதிகாலால் மிதித்து அடைப்பது அவள் வேலை. "பணம் இல்லடா. பட்டாவும் தரமாட்டேன். சோறு இருக்குது, எப்ப வேணா வா" என்றவள், பழக்கதோஷத்தில் வாசல் மண்ணை ஒரு மிதி மிதித்தாள். வரப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. பத்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றிவந்து தன்னோடு தானே சேர்ந்துகொண்டது.

தபால்காரர் தாண்டினார், ஆடுகள் தாண்டின. கௌதமன் பட்டாவை நினைத்துக் காலைத் தூக்கினால் மட்டும் அது அவன் மார்புக்கு எழும்பியது. மறுவாரம் "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று வாழைப்பழச் சீப்போடு வந்தான், கழுத்துக்கு எழும்பியது. உயரத்தை வைத்தே எதிர் டீக்கடை குப்புசாமி தொகை சொல்லிவிடுவார். "ஏம்பா கௌதமா, இன்னிக்கு முப்பதாயிரமா?" அவமானம் தாங்காமல் ஆவணியோடு அவன் வரவு நின்றது.

சாலம்மாள் அழுதாள், ஒளிந்து அல்ல, அடிபம்பில் குடம் நிரம்பும்வரை, எல்லோர் எதிரிலும். பக்கத்து வீட்டு யுவராணி, "பெத்த புள்ளைக்கு ஆவாத பட்டா எதுக்குக்கா?" என்று கேட்டாள். "குடுத்துட்டா அவன் எந்த வூட்டுக்கு வந்து சோறு துன்னுவான்?" என்றாள் சாலம்மாள். தினமும் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் தானே குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த ஐப்பசி மழையில், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களெல்லாம் கரைந்தோடின, வரப்பு கரையவில்லை. வீட்டு வரி போட வந்தவர் அதைச் சுற்றுச்சுவர் என்று எழுதி, உயரத்துக்கு நேராக "வருபவரைப் பொறுத்தது" என்று குறித்துக்கொண்டு போனார்.

2006 மாசியில் கௌதமன் வந்தான். லாரியில் உப்பு மூட்டை ஏற்றும் கூலி வேலைக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. பசியைத் தவிர அவனிடம் எந்தத் திட்டமும் இல்லை. வரப்பு கணுக்காலுக்குத் தணிந்தது. அதைக் கவனிக்காமல் காலை மார்புவரை வீசித் தாண்டியவன், வாசலில் மல்லாக்க விழுந்தான்.

"ஏன்டா, இத்தத் தாண்ட இவ்ளோ ஒசரமா?"

"என்னா பண்றது, பழகிடுச்சிம்மா."

அந்த வருடம் ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டான். ஒருமுறை தட்டின் முன் உட்கார்ந்து, "பேஜர் ஏஜென்சி ஒண்ணு சல்லிசா வருதும்மா" என்று ஆரம்பித்தான். வெளியே வரப்பு நறநறவென்று எழுந்தது. "சும்மா சொன்னேம்மா" என்று அது தணியும்வரை மறுசோறு வாங்கிக்கொண்டான். குழம்பில் உப்பு போதாத நாளில், எழுந்துபோய் வரப்பில் ஒரு சிட்டிகை கிள்ளிவருவான். மறுநாளைக்குள் அந்த இடம் வளர்ந்துவிடும்.