இளஞ்சிவப்பு

போத்தலின் ஓரத்தில் இளஞ்சிவப்பு படரத் தொடங்கியிருந்தது. ஜீவராணி அதை ஆய்வுகூட விளக்கடியில் தூக்கிப் பார்த்தாள். காற்றுப் புகுந்தால் காட்டிக்கொடுக்க உள்ளே ஒரு சாயம் கலந்திருந்தாள்; ஒட்சிசன் பட்டால்தான் அது நிறம் மாறும்.

கொட்டாஞ்சேனையில் மூடிக்கிடந்த கராஜ் ஒன்றின் அடியிலிருந்து அவள் எடுத்துவந்த கறுத்த சேற்றில் வளர்ந்த பற்றீரியாதான் போத்தலுக்குள் இருந்தவை. காற்றே இல்லாத இடத்தில், பெற்றோலில் உள்ள தொலுயீனைத் தின்று வாழ்பவை. தொலுயீனின் வளையம் லேசில் உடையாது. அதைச் சின்ன அமிலம் ஒன்றோடு ஒட்டவைத்து உடைக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ஒரு நொதியம். ஒட்சிசன் பட்டால் அந்த நொதியம் இரண்டாய் முறிந்துவிடும். கராஜுக்குப் பக்கத்துக் கிணறுகளில் இன்னும் பெற்றோல் மணந்தது; அதைச் சுத்தமாக்கத்தான் இவற்றை வளர்த்தாள். மற்றப் போத்தல்களில் இருந்தவையெல்லாம் ஏற்கெனவே செத்துவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான்.

"மூடி கசியுது," என்றாள். "வேற போத்தலுக்கு மாத்துவம்."

கூட வேலைசெய்யும் ஹபீஸ், போத்தலில் காற்றை வெளித்தள்ளும் நைதரசன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தான். "கேஸ் முடியப் போகுது. புது சிலிண்டர் கொண்டுவாற லொறி பொரளை ட்ரபிக்ல நிக்கிதாம். மாத்துற நேரம் காத்து உள்ள போனா?"

"மாத்தாம விட்டாலும் போகும்."

புதுப் போத்தலுக்குள் நைதரசன் சீறியது. ஊசியால் சேற்றை உறிஞ்சி, றப்பர் மூடியூடாகக் குத்தி இறக்கினாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். பாதிதான் மாற்றியிருப்பாள், சீறல் நின்றுவிட்டது.

"மாத்தினது காணும், ஊசிய எடுங்க," என்றான் ஹபீஸ்.

எடுத்தாள். ஒட்சிசனை உறிஞ்சும் சல்பைட்டில் சில துளிகள் விட்டாள். இளஞ்சிவப்பு மெல்ல வெளுத்துக் கடைசியில் மறைந்தது.

ஆனால் உள்ளே உயிர் இருக்கிறதா என்று நிறம் சொல்லாது. தொலுயீன் குறைந்தால்தான் தெரியும். அடுத்த வாரம் அளந்தார்கள், குறையவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

"இனி வீசுவமா?" என்று கேட்டான் ஹபீஸ்.

"கொஞ்சம் பொறுங்கோ."

வெள்ளவத்தை வீட்டிலும் அவள் போத்தல் குறிப்புகளையே புரட்டினாள். மூடியை முதலே மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது.

மறுவாரம் கருவியின் திரையில் தொலுயீனின் கோடு தாழ்ந்து நின்றது. ஹபீஸ் நம்பவில்லை. "மெஷின் பிழையா இருக்கும்."

"இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டான். அதே அளவு. ஜீவராணி அதைக் கொப்பியில் எழுதினாள்.

"ஹபீஸ், புது மூடி எத்தினை இருக்கு? எல்லாத்தையும் எடுங்கோ. இண்டைக்கே இதைப் பல போத்தலாப் பிரிச்சு வைப்பம்."